ழாக் தத்தியின் திரைவாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ழாக் தத்தி யார்?

பிரான்ஸின் நகைச்சுவை நடிகர், இயக்குநர். பாரிஸுக்கு அருகே லெ பெக் என்ற ஊரில் 1907 அக்டோபர் 9 அன்று பிறந்தார். 1982 நவம்பரில் இறந்தார். ஆறடிக்கு மேல் உயரம். தன் படங்களைத் தானே எழுதி, இயக்கி, நடித்தவர். எண்ணிப் பார்த்தால் முழுநீளப் படங்கள் ஆறுதான் தேறும்: 'ழூர் த ஃபெத்' (1949), 'முசியே ஹூலோவின் விடுமுறை' (1953), 'மோன் ஓங்கிள்' (1958), 'பிளேடைம்' (1967), 'த்ராஃபிக்' (1971), 'பரேட்' (1974).

முதல் நான்கையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். முதல் படத்தில் எங்கே பார்த்தாலும் அவர்தான். நான்காவது படத்துக்கு வரும்போது கூட்டத்துக்குள் அவரைத் தேட வேண்டியிருக்கும். பெயர் வாங்கிய நடிகர் திரையில் இன்னும் கொஞ்சம் இடம் கேட்பதுதான் வழக்கம். இவரோ இருந்த இடத்தையும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே போனார். அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது. கடைசியில் அவர் கையைச் சுட்டதும் அதுதான்.

தத்தி என்பது பிரெஞ்சுப் பெயர் மாதிரி இல்லையே?

முழுப்பெயர் ழாக் தத்திஷெஃப். அப்பாவின் அப்பா ரஷ்யர், பாரிஸில் இருந்த ரஷ்யத் தூதரகத்தில் ராணுவ அதிகாரி. அம்மா வழித் தாத்தா டச்சுக்காரர். பாரிஸில் ஓவியங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருந்தார், நல்ல வசதியான கடை. பேரனும் அந்தத் தொழிலுக்கு வருவான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். கொஞ்ச காலம் வேலையும் கற்றுக்கொண்டார். நடுவில் குதிரைப்படையில் கட்டாய ராணுவச் சேவை, அப்புறம் ராசிங் கிளப் அணியில் ரக்பி. ஆட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது சக வீரர்களைப் போல நடித்துக் காட்டுவார். ஃபிரேம் கடை கைநழுவியது அந்தச் சாப்பாட்டு மேசைகளில்தான்.

சினிமாவுக்கு முன் மேடையில் என்ன செய்தார்?

விளையாட்டு வீரர்களைப் பேச்சில்லாமல் நடித்துக் காட்டினார். டென்னிஸ்காரர், கோல்கீப்பர், குத்துச்சண்டைக்காரர், மீன் பிடிப்பவர், குதிரையேறுபவர் என்று ஒரு நீண்ட வரிசை. குதிரையேறுபவர் என்றால் மேலே இருப்பவர் மட்டுமல்ல, கீழே இருக்கும் குதிரையும் அவரேதான். 1936-இல் எழுத்தாளர் கோலெத் இதைப் பார்த்துவிட்டு, ஆட்டக்காரர், மட்டை, பந்து மூன்றுமாக ஒரே ஆள் இருக்கிறார் என்ற பொருளில் பத்திரிகையில் மெச்சி எழுதினார். அதற்குப் பிறகு தத்தியைத் தெரியாதவர்கள் பாரிஸ் மேடை உலகில் குறைவு.

1930-களில் சில குறும்படங்களிலும் நடித்தார். குத்துச்சண்டையை வைத்து எடுத்த 'ஸ்வாஞ் தோன் கோஷ்' (1936) அவற்றில் பார்க்கத் தக்கது. அதை இயக்கியவர் பின்னாளில் பெரிய இயக்குநரான ரெனே கிளெமான். போர் முடிந்ததும் வந்த 'சில்வியும் ஆவியும்' என்ற படத்தில் தத்திதான் அந்த ஆவி. ஒரு வசனமும் கிடையாது.

முதல் முழுநீளப் படம் எப்படி அமைந்தது?

ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் தத்தியும் நண்பர் ஆன்ரி மார்க்கேயும் பிரான்ஸின் நடுப்பகுதியில் உள்ள சேன்த் செவேர் என்ற சிற்றூர்ப் பக்கம் போய்த் தங்கியிருந்தார்கள். அந்த ஊரைத் தத்தி மறக்கவில்லை. 1947-இல் கேமராவோடு திரும்பி வந்து, ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து எடுத்த படம்தான் திருவிழா நாளைப் பற்றிய 'ழூர் த ஃபெத்'.

கதை எளிது. ஊருக்கு ராட்டினம் வருகிறது, கூடவே கூடாரத்தில் சினிமா. அங்கே காட்டும் செய்திப்படத்தில் அமெரிக்கத் தபால்காரர்கள் ஹெலிகாப்டரும் சாகசமுமாகத் தபால் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்த உள்ளூர்த் தபால்காரர் ஃபிரான்சுவாவுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. தன் பழைய சைக்கிளில் அமெரிக்க வேகத்தைக் காட்டக் கிளம்புகிறார். கதிரடிக்கும் இயந்திரத்துக்குள்ளும் இறைச்சிக் கடைக்காரர் கத்தி ஓங்கும் இடத்திலும் தபால் விழுகிறது. கிளைமாக்ஸில் அவர் சைக்கிளோடு ஆற்றில்.

படத்துக்கு வெனிஸ் விழாவில் திரைக்கதைக்கான பரிசு கிடைத்தது.

அந்தப் படம் கலரா, கருப்பு வெள்ளையா? இரண்டும் கிடைக்கிறதே?

நியாயமான குழப்பம். தத்தி கலரில்தான் எடுத்தார். தாம்சன்கலர் என்ற புதிய பிரெஞ்சு முறை. வெற்றி பெற்றிருந்தால் பிரான்ஸின் முதல் முழுநீளக் கலர்ப் படங்களில் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் எடுத்த ஃபிலிமிலிருந்து பிரிண்ட் போட அந்த நிறுவனத்தாலேயே முடியவில்லை. நல்ல வேளையாக, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே இன்னொரு கேமராவில் கருப்பு வெள்ளையிலும் எடுத்து வைத்திருந்தார்கள். 1949-இல் வெளியானது அதுதான்.

தத்திக்கு மனசு ஆறவில்லை. 1964-இல் சில பொருட்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டி, ஓவியர் ஒருவரைப் புதிய பாத்திரமாகச் சேர்த்து மறுபடி வெளியிட்டார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, மகள் சோஃபி தத்திஷெஃப்பும் ஒளிப்பதிவாளர் ஃபிரான்சுவா எத் என்பவரும் பழைய ஃபிலிமைத் தேடியெடுத்து உயிர்கொடுத்தார்கள். 1995-இல் கலர்ப் பதிப்பு திரைக்கு வந்தது. ஆக மூன்று பதிப்புகள். என் ஓட்டு கலருக்கே. வெளிறிய வண்ணம்தான், ஆனாலும் சாம்பல் நிற ஊருக்குள் ராட்டின வண்டி நுழையும்போது ஏன் கலர் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார் என்பது புரிகிறது.

ஹூலோ யார்?

தபால்காரர் வெற்றி பெற்றதும் அதே பாத்திரத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார்கள். தத்தி மறுத்துவிட்டு முசியே ஹூலோவைக் கொண்டுவந்தார். மழைக்கோட்டு, தொப்பி, வாயில் பைப், கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டை, கோடுபோட்ட சாக்ஸ். முன்பக்கம் சாய்ந்து, குதிகால் நிலத்தில் பதியாத நடை. தத்தி குடியிருந்த கட்டடத்தில் இருந்த ஒரு கட்டடக் கலைஞரிடமிருந்து அந்தப் பெயரை எடுத்தார் என்பார்கள். அந்தக் கலைஞரின் பேரன்தான் பின்னாளில் பிரான்ஸின் சூழலியல் அமைச்சரான நிகோலா ஹூலோ.

ஹூலோ கோமாளி இல்லை. அசடும் இல்லை. அளவுக்கு மீறிய மரியாதைக்காரர், அவ்வளவுதான். யாருக்கும் இடைஞ்சல் தரக்கூடாது என்று ஒதுங்கி நிற்பார், அந்த ஒதுங்கலிலேயே எதையாவது தட்டிவிடுவார்.

'ஹூலோவின் விடுமுறை' படத்தில் கதையே இல்லை என்கிறார்களே?

இல்லைதான். கடற்கரை விடுதிக்குச் சிலர் விடுமுறைக்கு வருகிறார்கள், இருக்கிறார்கள், கிளம்பிப் போகிறார்கள். எடுத்த இடம் சேன் நசேர் துறைமுகத்துக்கு அருகில் உள்ள சேன் மார்க் சுர் மேர். அந்த விடுதி இன்றும் இருக்கிறது. கடற்கரையைப் பார்த்தபடி ஹூலோவுக்கு ஒரு சிலையும் வைத்திருக்கிறார்கள்.

விடுமுறைக்கு வந்தும் ஓய்வெடுக்கத் தெரியாதவர்கள் இந்தப் படம் முழுக்க இருக்கிறார்கள். ஒருவருக்கு ஓயாமல் தொலைபேசி அழைப்பு. இன்னொருவர் கட்டளையிட்டே பழக்கப்பட்ட பழைய ராணுவக்காரர். மனைவிக்குப் பின்னால் நாலடி தள்ளி நடக்கும் ஒரு முதியவர் வருகிறார். மனைவி ஆசையாகப் பொறுக்கிக் கொடுக்கும் சிப்பியை வாங்கி, அவர் திரும்பியதும் தூக்கிப் போட்டுவிடுவார். எனக்கு இந்தப் படத்தில் ஹூலோவை விட அந்த முதியவரைத்தான் அதிகம் பிடிக்கும். படம் முடியும்போது ஹூலோவிடம் போய்க் கை குலுக்கி விடைபெறுபவர்களில் அவரும் ஒருவர்.

படத்துக்குப் பிரெஞ்சுப் படங்களுக்கான லூயி தெலூக் பரிசு கிடைத்தது. திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

வசனமே குறைவு. அப்படியானால் இவை மௌனப் படங்களா?

இதுதான் தத்தியைப் பற்றி அதிகம் பரவியுள்ள தவறான எண்ணம். ஒலியை அவரைப் போல நுணுக்கமாகக் கையாண்ட நகைச்சுவை இயக்குநர் அரிது. படப்பிடிப்பில் பதிவான ஒலியை நம்பாமல் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். விடுதிச் சாப்பாட்டு அறையின் கதவு திறந்து மூடும்போது வரும் 'ட்டொய்ங்' சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதே படத்தின் தொடக்கத்தில் ரயில் நிலைய ஒலிபெருக்கி எதையோ கரகரவென்று உளறுகிறது, பயணிகள் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு ஓடுகிறார்கள். உளறலின் ஒரு சொல்லும் நமக்குப் புரியாது, அவர்களுக்கும் புரியவில்லை.

'பிளேடைம்' படத்தில் காத்திருப்பு அறையின் நாற்காலிகள் உட்கார்ந்து எழும்போது பெருமூச்சு விடும். வசனம் என்பது தத்திக்குக் காற்று, மழை, செருப்புச் சத்தம் போல இன்னொரு சத்தம். முக்கியமான நகைச்சுவை அதில் இருக்காது. சப்டைட்டில் இல்லாமலே பார்க்கலாம் என்பது இதனால்தான்.

ஆஸ்கர் வாங்கியது எந்தப் படம்?

'மோன் ஓங்கிள்'. 1958-இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு, அடுத்த ஆண்டு சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர்.

இதில் ஹூலோ ஒரு சிறுவனின் தாய்மாமன். அக்காவும் அவர் கணவரும் நவீன வீடு ஒன்றில் இருக்கிறார்கள். எல்லாம் பொத்தானில் இயங்கும், எதிலும் உட்கார முடியாது. தோட்டத்தின் நடுவில் ஒரு மீன் சிலை நீரூற்று. அழைப்பு மணி அடித்ததும் அக்கா ஓடிப்போய் அதைத் திறந்துவிடுவார், வந்தவர் முக்கியமானவர் இல்லை என்று தெரிந்தால் மூடிவிடுவார். தண்ணீர் விருந்தாளிக்குத்தான், வீட்டுக்கு அல்ல. ஹூலோ குடியிருப்பது பழைய பேட்டையில், ஏணியும் படியும் சுற்றிச் சுற்றிப் போகும் மாடி வீட்டில். அவர் மேலே ஏறுவதை ஒரே ஷாட்டில், தூரத்திலிருந்து, ஜன்னலுக்கு ஜன்னல் தலையும் காலுமாகத் தெரியும்படி எடுத்திருக்கிறார். அண்மைக் காட்சி ஒன்று வைத்திருந்தால் அந்த நகைச்சுவை செத்திருக்கும்.

அந்த நவீன வீட்டை வடிவமைத்தவர் தத்தியோடு நெடுங்காலம் வேலை செய்த ஓவியர் ழாக் லக்ரான்ழ். நீஸ் நகரின் விக்தொரின் ஸ்டுடியோவில் கட்டினார்கள். படத்தின் உதவியாளர்களில் ஒருவர் பியர் எத்தெக்ஸ், பின்னாளில் தானே நகைச்சுவைப் படங்கள் இயக்கியவர்.

அவரைப் பிரெஞ்சுச் சாப்ளின் என்று சொல்லலாமா?

வேண்டாம். சாப்ளின் படத்தில் சாப்ளினைப் பார்க்கிறோம். கூட்டம் அவருக்குப் பின்னணி. தத்தி அதைத் தலைகீழாக்கப் பார்த்தார். எல்லோரும் வேடிக்கையானவர்கள்தான், கவனித்தால் போதும் என்பது அவர் கட்சி. அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர்களில் அவருக்கு நெருக்கமான மனம் பஸ்டர் கீட்டனுடையது. ஆஸ்கர் சமயத்தில் ஹாலிவுட் போனபோது யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, கீட்டன், ஸ்டான் லாரல், மேக் சென்னட் ஆகிய பழைய ஆட்களைத்தான் சொன்னாராம்.

'பிளேடைம்' பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஒரு நகரத்தையே கட்டி எடுத்த படம் என்பதால். பாரிஸின் தென்கிழக்கு ஓரத்தில் சுமார் 15,000 சதுர மீட்டரில் கண்ணாடிக் கட்டடங்கள், சாலைகள், விளக்குகள், தனியாக மின்சார ஏற்பாடு. ஊழியர்களும் பத்திரிகைகளும் அதைத் 'தத்திவில்' என்றே அழைத்தார்கள். சில கட்டடங்கள் சக்கரத்தில் நகரும். பின்னணியில் நிற்கும் மனிதர்களில் சிலர் வெறும் அட்டை உருவங்கள். 1964-இல் தொடங்கிய வேலை 1967 வரை இழுத்தது. இடையில் புயல் வந்து செட்டைச் சேதப்படுத்தியது, பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்றது, மறுபடி தொடங்கியது.

சரி, படத்தில் என்ன நடக்கிறது? அமெரிக்கச் சுற்றுலாப் பெண்கள் பாரிஸுக்கு வருகிறார்கள், ஒரு நாள் சுற்றுகிறார்கள், கிளம்புகிறார்கள். ஹூலோ ஒருவரைச் சந்திக்க வந்து கண்ணாடிகளுக்கு நடுவில் தொலைந்துபோகிறார். பெண்கள் பார்க்க வந்த பழைய பாரிஸ் எங்கேயும் இல்லை. கண்ணாடிக் கதவு திறக்கும்போது ஈஃபில் கோபுரம் ஒரு கணம் அதில் பிரதிபலிக்கும். பயண நிறுவனத்தில் தொங்கும் சுவரொட்டிகளில் லண்டன் உட்பட எல்லா ஊர்களுக்கும் ஒரே மாதிரிக் கட்டடம்தான்.

இரண்டாம் பாதியில் ராயல் கார்டன் என்ற உணவகத்தின் திறப்பு விழா இரவு. முக்கால் மணி நேரத்துக்கு நீளும் அந்தப் பகுதிக்கு ஈடாக நகைச்சுவை சினிமாவில் வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெயின்ட் காயாத கடை. நாற்காலியின் கிரீட முத்திரை வாடிக்கையாளர்களின் முதுகில் பதிகிறது. ஒரே மீனுக்கு மறுபடி மறுபடி மசாலா தூவுகிறார்கள். கண்ணாடிக் கதவு நொறுங்கிவிட, வாயில்காவலர் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு இல்லாத கதவைத் திறந்து திறந்து மூடுகிறார். வருகிறவர்களும் அவர் திறக்கும்வரை காத்திருந்து நுழைகிறார்கள். உணவகம் இடிந்து விழ விழ, உள்ளே இருப்பவர்கள் முதன்முறையாக மனிதர்களாகச் சிரித்துப் பழகத் தொடங்குகிறார்கள். இதில் எங்கே பார்க்க வேண்டும் என்று கேமரா சொல்லித் தராது. 70 எம்எம் திரையின் நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் நாலு வேடிக்கை நடக்கும்.

ஹூலோவும் இருக்கிறார். ஆனால் தூரத்தில் ஹூலோ மாதிரியே மழைக்கோட்டும் பைப்புமாகச் சில போலி ஹூலோக்களையும் தத்தி உலவவிட்டிருக்கிறார், நம்மை ஏமாற்றுவதற்கென்றே.

அவ்வளவு நல்ல படம் ஏன் ஓடவில்லை?

மக்கள் ஹூலோவைப் பார்க்க வந்தார்கள், அவரைக் காணவில்லை. இதுதான் முதல் காரணம். இரண்டாவது, தத்தியின் பிடிவாதம். 70 எம்எம் வசதியும் ஸ்டீரியோ ஒலியும் உள்ள அரங்குகளில் மட்டுமே ஓட வேண்டும் என்றார். அப்படிப்பட்ட அரங்குகள் எத்தனை இருந்துவிடும்? 1967 டிசம்பரில் வெளியானபோது இரண்டரை மணி நேரம் ஓடியது. அப்புறம் அவரே வெட்டினார். அமெரிக்காவில் 1973-இல்தான் வந்தது, அதுவும் சுருங்கி.

அதே காலப் பிரெஞ்சு ரசனையையும் பார்க்க வேண்டும். 1966-இல் லூயி த ஃபுனேஸும் பூர்வில்லும் நடித்த 'லா கிராந்த் வத்ரூய்' பிரான்ஸில் 1 கோடியே 70 லட்சம் டிக்கெட்டுகளைத் தாண்டி விற்றது. முகத்தைச் சுளித்து, கத்தி, குதித்துச் சிரிக்க வைக்கும் த ஃபுனேஸ் ஒரு பக்கம். திரையில் நீங்களே தேடிச் சிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் தத்தி மறுபக்கம். கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்பதில் மர்மம் இல்லை. த ஃபுனேஸைக் குறை சொல்லவில்லை, அவர் வேறு வகையில் மேதை.

திரையுலகில் இருந்தவர்களில் இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ போன்ற சிலர் மட்டும் உடனே புரிந்துகொண்டார்கள். வேறொரு கிரகத்திலிருந்து வந்த படம் என்றார் அவர்.

கடன் எவ்வளவு தூரம் போனது?

செலவு ஒன்றரைக் கோடி ஃபிராங்குக்குக் குறையாது. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பச் சொத்தும் போனது. தத்திவில்லைச் சினிமா மாணவர்களுக்கான இடமாக விட்டுவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், இடித்துத் தள்ளிவிட்டார்கள். அவருடைய ஸ்பெக்தா நிறுவனம் 1974-இல் கலைக்கப்பட்டு, பட உரிமைகள் ஏலத்துக்குப் போயின. தான் எடுத்த படங்களைத் தானே திரையிட முடியாத நிலை.

அதோடு முடிந்துவிட்டதா?

இல்லை. 'த்ராஃபிக்' (1971) வந்தது. பாரிஸில் உள்ள ஒரு கார் நிறுவனத்துக்காக ஹூலோ வடிவமைத்த முகாம் வண்டியை ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியெல்லாம் பழுது, சுங்கச் சோதனை, விபத்து. போய்ச் சேர்வதற்குள் கண்காட்சி முடிந்துவிடுகிறது. பணம் போட்டவர்களுக்கு ஹூலோ வேண்டும், அதனால்தான் இதில் ஹூலோ நடுவே நிற்கிறார் என்பது பார்த்தாலே தெரியும். எனக்கு இது சுமார்தான். ஆனால் சிவப்பு சிக்னலில் நிற்கும் ஓட்டுநர்கள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூக்கைக் குடையும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே பார்க்கலாம்.

'பரேட்' (1974) சுவீடன் தொலைக்காட்சிக்காக, பெரும்பகுதி வீடியோவில் எடுத்தது. ஸ்டாக்ஹோமில் ஒரு சர்க்கஸ் அரங்கு. தத்தி தொகுப்பாளர். 1930-களின் டென்னிஸ்காரர், கோல்கீப்பர், குதிரை எல்லாவற்றையும் அறுபத்தைந்து வயதுக்கு மேல் திரும்பச் செய்கிறார். அங்கேயும் கேமரா பாதி நேரம் பார்வையாளர்கள் பக்கம்தான்.

1977-இல் பிரெஞ்சுத் திரைப்பட விருதுகளான சீசர் விழாவில் கௌரவப் பரிசு கொடுத்தார்கள். அடுத்த படத்துக்கு 'கன்ஃப்யூஷன்' என்று திரைக்கதை தயாராக இருந்தது, ஸ்பார்க்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த இரு சகோதரர்களையும் நடிக்க வைக்கும் யோசனை இருந்தது. எடுக்கப்படவே இல்லை.

'தி இல்யூஷனிஸ்ட்' அனிமேஷன் படம் அவருடையதா?

திரைக்கதை அவருடையது, படமாக்காமல் விட்டுப்போனது. சில்வேன் ஷோமே அதை 2010-இல் அனிமேஷனாக எடுத்தார். அதில் வரும் மாயாஜாலக்காரரின் பெயரே தத்திஷெஃப்தான். ஓர் இடத்தில் அவர் தெரியாமல் ஒரு திரையரங்குக்குள் நுழைய, அங்கே ஓடிக்கொண்டிருப்பது 'மோன் ஓங்கிள்'.

பைப் சர்ச்சை என்பது என்ன?

2009-இல் பாரிஸில் உள்ள திரைப்படக் காப்பகமான சினிமாத்தெக் பிரான்சேஸ் தத்திக்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. சுவரொட்டியில் ஹூலோ மொபெட்டில் பைப்போடு போகிறார். புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் குறுக்கே வரும் என்று, பேருந்து, மெட்ரோ விளம்பரங்களில் பைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மஞ்சள் நிறக் காற்றாடி ஒன்றை ஒட்டிவிட்டார்கள். பிரான்ஸ் முழுக்கச் சிரித்தது. உயிரோடு இருந்திருந்தால் தத்தி இதை அடுத்த படத்தில் வைத்திருப்பார்.

மிஸ்டர் பீனுக்கும் ஹூலோவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ரோவன் அட்கின்சனே ஹூலோவின் தாக்கத்தைச் சொல்லியிருக்கிறார். 'மிஸ்டர் பீன்ஸ் ஹாலிடே' (2007) பிரான்ஸில் கடற்கரையை நோக்கிப் போவதும் சும்மா இல்லை. ஆனால் குணம் வேறு. பீன் சுயநலக்காரர், குறும்புக்காரர். ஹூலோ அடுத்தவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்.

படங்கள் இப்போது நல்ல பிரதியில் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன. மகள் சோஃபி, ஜெரோம் தேஷான், மாஷா மக்கேயெஃப் ஆகியோர் தொடங்கிய 'லே ஃபில்ம் த மோன் ஓங்கிள்' நிறுவனம் உரிமைகளை மீட்டுப் படங்களைச் சீரமைத்தது. சோஃபி 2001-இல் இறந்துவிட்டார். சீரமைத்த 'பிளேடைம்' அடுத்த ஆண்டு கானில் திரையிடப்பட்டது. 2022-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமா இதழ் விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் அந்தப் படத்துக்கு 23-ஆம் இடம்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'பிளேடைம்' வேண்டாம், அதுவும் செல்போனில் வேண்டவே வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'மோன் ஓங்கிள்'. தெருநாய்கள் ஓடும் முதல் காட்சியிலேயே ஒட்டிக்கொள்வார்கள். தனியாகப் பார்ப்பதென்றால் 'ஹூலோவின் விடுமுறை'. முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், அந்த டென்னிஸ் காட்சி வரைக்கும் பொறுங்கள். 'பிளேடைம்' பெரிய திரையில் எங்காவது போட்டால், முன்வரிசைக்குப் போங்கள், முடிந்தால் இரண்டாவது முறையும் போங்கள். வேறு மூலையில் உட்காருங்கள்.